ஈயக் குண்டும் இஹ்ஸானும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து, மக்கள் வாசலில் செருப்பைத் தேடிக் கொண்டிருக்கும் நேரத்தில் கேட்கப்படும் மஸ்அலாக்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கேட்பவருக்கு அவசரம், சொல்பவருக்குப் பசி. "கூடுமா, கூடாதா?" என்று ஒரே சொல்லில் கேள்வி வரும். ஒரே சொல்லில் பதிலும் போய்விடும். அவ்விதம் நம் வாயிலிருந்து போய்விட்ட ஒரு பதில் சில ஆண்டுகளாக நம்மை உறுத்திக் கொண்டே இருக்கிறது. அதை வாசக நேயர்கள் முன் வைத்துவிடுவது என்று இம்மாதம் துணிந்தோம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு சிறிய ஊர். அவ்வூர்ப் பள்ளிவாசலில் அன்று நாம் பயான் செய்திருந்தோம். தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் வந்து ஸலாம் கூறினார். மார்கழிப் பட்டத்தில் இரண்டு ஏக்கர் கடலை போட்டிருந்தாராம். "காட்டுப்பன்னிங்க ராவெல்லாம் வந்து கொல்லைய உழுதுட்டுப் போவுதுங்க ஹஜரத். காவலுக்குப் போனா மனுசன் மேலயும் பாயுது. சுட்டுடலாமா, கூடாதா?" என்றார். "பயிரை அழித்து, மனிதரையும் தாக்க வருகின்ற மிருகத்தைக் கொல்வதில் மார்க்கத்தில் தடை இல்லை" என்றோம். அவர் முஸாபஹா செய்துவிட்டுப் போனார். நாமும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

சொன்னதில் பிழை இல்லைதான். இஹ்ராமில் இருப்பவர்கூடக் கொல்லலாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன பிராணிகளுள் கடிக்கும் நாயும் ஒன்று. மனிதர் மீது பாய்ந்து, காயப்படுத்தி, அச்சுறுத்தும் சிங்கம், சிறுத்தை, ஓநாய் முதலியவை எல்லாம் அச்சொல்லில் அடங்கும் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தங்களின் முவத்தாவில் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே கொல்லும் அனுமதிக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. நாம் சொன்னது பாதி என்பதுதான் குறை.

மூன்று வாரங்கள் கழித்து மீதிக் கதை காதுக்கு எட்டியது. துப்பாக்கி வைத்திருந்த ஒருவரிடம் அந்தச் சகோதரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அது நாட்டுத் துப்பாக்கி. அதில் கெட்டித்திருந்தது கவுதாரிக்கும் கொக்குக்கும் போடும் ஈயச் சன்னம். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கேடயம் போலத் தடித்த தோல் உண்டு. சன்னம் அதற்குள் புகுந்து உயிர்நிலையைத் தொடாது. வெடித்த சத்தத்தில் பன்றி ஒருமுறை சுழன்று, முட்புதருக்குள் ஓடிவிட்டது. "எங்கயாச்சும் போய்ச் செத்துடும்" என்று இருவரும் வீடு திரும்பிப் படுத்துவிட்டார்கள். அது சாகவில்லை. இரண்டாம் நாள் காலை அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போன ஒரு மூதாட்டியின் தொடையைக் கிழித்துவிட்டது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து அந்த அம்மாள் பிழைத்தார். ஆனால் கால் பழையபடி இல்லை.

கொல்லலாமா என்று அவர் கேட்டார்; கொல்லலாம் என்றோம். எதைக் கொண்டு கொல்வது என்று அவரும் கேட்கவில்லை. எதை வைத்திருக்கிறீர் என்று நாமும் கேட்கவில்லை.

மதரஸாவில் ஓதிய காலத்தில் வேட்டைப் பாடத்தை வேகமாகவே கடந்தோம். உஸ்தாதுக்கு முன்னால் ஜகாத்தும் வியாபாரமும் தலாக்கும் காத்திருந்தன. இந்தக் காலத்தில் யார் அம்பெடுத்துக் காட்டுக்குப் போகப் போகிறார்கள் என்று சக மாணவர்களோடு சிரித்ததும் நினைவிருக்கிறது. அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வந்த இரவில் கிதாபை மறுபடி எடுத்து வைத்தோம். அன்று கண்ணில் படாதவை பட்டன.

விரல்களுக்கிடையே பொடிக்கல்லை வைத்துச் சுண்டி எறிவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்குக் காரணத்தையும் சேர்த்தே அருளினார்கள். அந்தக் கல்லால் வேட்டைப் பிராணியும் விழாது, பகைவனும் வீழமாட்டான். அது செய்யக்கூடியதெல்லாம் ஒரு பல்லை உடைப்பதும் ஒரு கண்ணைப் போக்குவதும்தான் என்பது அதன் கருத்து. இதை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு முகப்பல் (ரலி) அவர்கள், தடையை எடுத்துச் சொன்ன பிறகும் கல் சுண்டிய தம் உறவினரோடு இனிப் பேசுவதில்லை என்று கூறிவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. ஒரு பொடிக்கல்லுக்கு இத்தனை கோபமா என்று மாணவப் பருவத்தில் வியந்தோம். அந்தக் கல்லின் சிறுமையிலேயே குற்றம் இருக்கிறது என்பது இப்போது விளங்குகிறது. அதற்குக் கொல்லும் வலு இல்லை; ஊனப்படுத்தும் வலு மட்டும் இருக்கிறது.

இன்னொன்று பல்லியைப் பற்றியது. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த ஹதீஸ் நன்றாகவே தெரியும். துடைப்பத்தைத் தேடும்போது நமக்கே நினைவூட்டுவார்கள். பல்லியை அடித்தால் நன்மை என்பது மட்டும்தான் பலருக்கு மனத்தில் நிற்கிறது, கணக்கு நிற்பதில்லை. முதல் அடியில் கொன்றவருக்கு நன்மை அதிகம். இரண்டாம் அடியில் அதைவிடக் குறைவு. மூன்றாம் அடியில் இன்னும் குறைவு. பிராணி ஒன்றே, சாவும் ஒன்றே. அடி கூடக் கூட நன்மை ஏன் இறங்க வேண்டும்? கொல்வதிலும் நேர்த்தி வேண்டும் என்பதே காரணம் எனப் பெரியார்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிமில் வரும் நபிமொழியின் சாரமும் அதுவே: அல்லாஹ் எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை விதித்திருக்கிறான், கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையில் கொல்ல வேண்டும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும்.

கத்தியைத் தீட்டுவது நமக்குத் தெரியும். பெருநாளுக்கு முதல் நாள் சாணைக்காரரைத் தேடாத வீடு உண்டா? ஆனால் தோட்டாவைத் தீட்டுவது எப்படி? அது நமக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைத் தேடிக் கோவளம் போனோம்.

கோவளத்தில் தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில், மகன் வீட்டில் இருக்கிறார் அந்தப் பெரியவர். எண்பதைத் தாண்டியவர். வாலிபத்தில் நீலகிரியில் ஒரு காப்பித் தோட்ட முதலாளியிடம் ஜீப் ஓட்டியவர். முதலாளியிடம் லைசென்ஸும் ரைபிளும் இருந்தன. காட்டுக்குப் போகும்போது தோட்டாப் பையைச் சுமப்பதும் இவர் வேலை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்து வேட்டையையே நிறுத்திவிட்டது; இவரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டார்.

அஸருக்குப் பின் கடற்கரை மணலில் உட்கார்ந்தோம். ஒரு பழைய ஓவல்டின் டப்பாவைத் திறந்து, சுட்டு முடிந்த இரண்டு குண்டுகளை நம் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று முனை விரிந்து காளான் போலிருந்தது. மற்றது வார்த்தபடியே நேராக இருந்தது. "ரெண்டும் ஒரே ரைபிள்ல போறதுதான் ஹஜரத். ஒண்ணு பூ, ஒண்ணு ஆணி" என்றார்.

விரிந்தது சாப்ட் நோஸ் என்னும் மெதுமுனைக் குண்டு. ஈயத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தி, முனையில் மட்டும் ஈயத்தை வெளியே விட்டிருப்பார்கள். உடலில் பட்டதும் அந்த முனை மலர்ந்து அகலும். தன் வேகம் முழுவதையும் உடலுக்குள்ளேயே கொட்டிவிட்டு நின்றுவிடும். புலி, சிறுத்தை, மான் போன்ற மெல்லிய தோலுள்ளவற்றுக்கு அது. நேராக இருந்தது சாலிட். முனையும் சேர்த்து முழுவதும் கடினத் தகட்டால் மூடியது. எலும்பில் பட்டாலும் உருக்குலையாமல் ஊடுருவும். யானைக்கும் காட்டெருமைக்கும் அது. இவர் முதலாளி வைத்திருந்தது லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-ல் வெளியிட்ட '375' ரகம். குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். நம் வீட்டுக் கணக்கில் இரண்டரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அது நொடிக்கு ஏறத்தாழ 2500 அடி வேகத்தில் போகும். யானைக்கென்றே பலர் வைத்திருந்த '470' ரைபிளின் குண்டு 500 கிரெய்ன். நான்கு சவரன் எடை.

"பெருசா இருந்தாப் போதும்தானே அத்தா?" என்று கேட்டோம். சிரித்தார். சாலிட்டைக் கொண்டு புலியைச் சுட்டால், அது ஊசி துணியில் போவது போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். புலி தன் காலில் ஓடிப்போய்ப் பல நாள் அழுகிச் சாகும், அல்லது சாகாமல் அதைவிடப் பெரிய கேடாகும். மெதுமுனையைக் கொண்டு யானையின் நெற்றியில் சுட்டால், மூளையை எட்டுமுன் எலும்பிலேயே குண்டு சிதறிவிடும். எந்தக் குண்டும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை. எந்த உடலுக்குள் போகப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்து எடுக்க வேண்டும் என்றார்.

மறுவாரம் அவரே நம்மை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றார். (ஆலிம் ஒருவர் சிற்பத்தின் முன் நின்றார் என்று எவரும் பத்வாக் கேட்டு ஆசிரியருக்கு எழுத வேண்டாம். நாம் பார்க்கப் போனது யானையின் தலையை.) அந்தப் பெரிய பாறையில் ஏறத்தாழ உயிர் யானையின் அளவிலேயே ஒரு கொம்பன் நிற்கிறது, காலடியில் குட்டிகள். பெரியவர் கைத்தடியை நீட்டி, கண்ணுக்கும் காதுத் துளைக்கும் நடுவே ஓர் இடத்தைக் காட்டினார். இவ்வளவு பெரிய தலையில் மூளை 5 கிலோ அளவுதான். அதைச் சுற்றிலும் தேனடை போன்ற எலும்பு. முன்னாலிருந்து சுடுவதற்கு ஒரு கோணம், பக்கவாட்டிலிருந்து வேறு கோணம். வெளியிலிருந்து பார்த்தால் தலை முழுவதுமே குறிதான் என்று தோன்றும். உண்மையில் குறி ஒரு தேங்காயைவிடச் சற்றுப் பெரியது.

அங்கே நின்றுதான், எவரிடமும் சொல்லாததைச் சொன்னார். ஒரு ஒற்றை யானை ஆட்களைக் கொன்று கொண்டிருந்தது. அதைச் சுட உத்தரவு வாங்கியிருந்தார் முதலாளி. முந்தின இரவே தோட்டாக்களைப் பிரித்து, வலப் பையில் சாலிட், இடப் பையில் மெதுமுனை என்று போட்டு வைப்பது இவர் பொறுப்பு. அன்று சினிமா பார்த்துவிட்டு வந்த அசதியில் பிரிக்காமலே படுத்துவிட்டார். விடியலில் காட்டுக்குள், கை நடுங்கும் நேரத்தில், கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார். முதலாளி சுட்டது சரியான இடத்தில்தான் பட்டது. யானை மண்டியிட்டு, எழுந்து, பிளிறிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் தேடினார்கள். அதற்குள் இரண்டு குடிசைகளைப் பிய்த்துப் போட்டிருந்தது. மூன்றாம் நாள் ஓர் ஓடையில், தண்ணீரில் தலையைத் தாழ்த்தியபடி நின்றது. அங்கே வைத்து முடித்தார்கள்.

"மொதலாளி குறி தப்பல ஹஜரத். நான்தான் முந்தின ராத்திரியே தப்பிட்டேன்" என்றார். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த காயைத் தின்று வாய் சிதைந்த ஒரு கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர் விட்டதல்லவா? அந்தப் படத்தைப் பத்திரிகையில் கண்டபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம்.

நாம் அவருக்கு என்ன சொல்ல முடியும்? 'நீர் வேண்டுமென்று செய்யவில்லை. நிய்யத்து சரியாக இருந்தது. அல்லாஹ் மன்னிப்பவன்' என்றோம். அது உண்மை. ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தப் பதிலும் நமக்குப் பாதியாகவே பட்டது. நிய்யத்து என்பது உள்ளத்தில் இருக்கும் நல்லெண்ணம் மட்டும்தான் என்றால், ஒளு எதற்கு? தொழுகையின் நிய்யத்து எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தக்பீர் கட்டிய பிறகு ஒளுச் செய்ய முடியாது. அது முன்பே, நிதானமாக, தண்ணீர் இருக்குமிடத்தில் செய்ய வேண்டிய காரியம். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு பையிலும் தோட்டாவைப் பிரித்துப் போடுவது அந்தக் கொலையின் ஒளு என்று நமக்குத் தோன்றுகிறது. பன்றி பாயும்போதும் புலி உறுமும்போதும் மனிதனிடம் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. அந்த நொடியில் அவனுக்குத் தன் உயிர் பெரிது. இரக்கப்பட வேண்டிய நேரம் அதற்கு முந்தின இரவு.

'பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுகிறேன், மற்றது அவன் பொறுப்பு' என்பாரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை அவர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். இந்த விரியும் குண்டு நம் நாட்டோடு தொடர்புடையது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷாருக்கு ஓர் ஆயுதச் சாலை இருந்தது. 1890-களில் எல்லைப்புறப் போர்களுக்காக அங்கே இப்படிப்பட்ட குண்டுகளைச் செய்தார்கள். அதனால் விரியும் குண்டுக்கே 'டம்டம்' என்று பெயர் வந்தது. அது மனித உடலில் செய்த கோரத்தைக் கண்டு உலகம் அருவருத்தது. 1899-ல் ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலுக்குள் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தது. பிரிட்டன் முதலில் உடன்படவில்லை, 1907-ல்தான் இணங்கியது. ஆக, மனிதன் மீது சுட்டால் கொடுமை என்று தடுக்கப்பட்ட அதே குண்டை, மான் மீதும் புலி மீதும் சுடும்போது இரக்கம் என்று வேட்டைக்காரர்கள் கொண்டார்கள்!

முதலில் இது முரண்பாடாகவே நமக்குப் பட்டது. யோசித்தால் முரண் இல்லை. போரில் எதிரியின் சாவு நோக்கம் அன்று. அவன் ஆயுதம் கீழே விழுந்தால் போதும். காயப்பட்டவனுக்கு மருந்து உண்டு, கைதிக்குச் சோறு உண்டு, அவன் வீடு திரும்பலாம். ஆகவே தேவைக்கு மேல் சிதைப்பது அங்கே வரம்பு மீறல். கொன்றே தீர வேண்டிய மிருகத்துக்கோ காயம் எந்த நன்மையும் தராது. காட்டில் அதற்கு மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. அங்கே காயத்தோடு விடுவதுதான் வரம்பு மீறல். காரியங்கள் அவற்றின் நோக்கத்தைக் கொண்டே அளக்கப்படும் என்று நம் பிக்ஹு ஆசிரியர்கள் விதி வகுத்ததை இத்தனை துல்லியமாக விளக்கும் உதாரணம் வேறொன்று நமக்குக் கிடைக்கவில்லை.

காயத்தோடு விட்ட மிருகம் யார் கணக்கில் சேரும்? சம்பாவத் புலியைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். நேபாளத்திலும் குமாவுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்ற பெண்புலி என்று, 1907-ல் அதைச் சுட்ட ஜிம் கார்பெட் கணக்குத் தருகிறார். சுட்டு வீழ்த்திய பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையும் உடைந்திருந்தன. என்றோ பட்ட துப்பாக்கிக் குண்டின் வேலை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது அவர் முடிவு. அந்தப் பல்லை உடைத்தவர் யாரோ! பெயர் தெரியாது. ஒருமுறை விசையை இழுத்துவிட்டு, குறி தப்பியது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். தாம் 436 வீடுகளில் ஒப்பாரி வைத்தவர் என்று கடைசி வரை அவருக்குத் தெரிந்திருக்காது. பல்லை உடைக்கும், அவ்வளவுதான் என்று பொடிக்கல்லைத் தடுத்த நபிமொழியை இந்த இடத்தில் மறுபடி நினைத்தபோது நமக்கு உடல் சிலிர்த்தது.

சரி, தின்னும் பிராணியின் விஷயம் என்ன என்று கேட்பீர்கள். யானையும் புலியும் பன்றியும் நமக்கு உணவல்ல. மான், முயல், கவுதாரி ஆகியவற்றைக் குண்டால் சுட்டு, கத்தி வைக்குமுன் இறந்துவிட்டால் அது ஹலாலா? அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்டதற்கு, எறிகோலின் கூர்முனை பட்டுச் செத்ததை உண்ணலாம், அதன் அகலப் பக்கம் மோதிச் செத்ததை உண்ணக் கூடாது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. இதை வைத்து, ஈயக் குண்டுக்குக் கூர் இல்லை, அது வேகத்தால் நொறுக்கியே கொல்கிறது என்று டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) (வபாத் 1836) அவர்கள் ஹனபி மத்ஹபில் முடிவு கூறினார்கள். ஷாபிஈ மத்ஹபின் நிலையும் அதுவே. ஆகவே கடற்கரையோரத்து ஷாபிஈகளுக்கும் உள்நாட்டு ஹனபிகளுக்கும் இதில் சச்சரவுக்கு இடமில்லை. உயிரோடு எட்டி அறுத்தால் ஹலால், இல்லையேல் இல்லை. மாலிகி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் குண்டு துளைத்துச் செல்வதைக் கருதி அனுமதித்தார்கள்.

இதில் நாம் கொஞ்சம் தடுமாறினோம் என்பதை மறைக்கவில்லை. பிராணிக்கு விரைவான சாவைத் தரும் விரியும் குண்டுதான் மிக மழுங்கியது, மிக அதிகம் நொறுக்குவது. இரக்கத்துக்கு உகந்தது உணவுக்கு உகந்ததாக இல்லையே? பல நாள் யோசித்து நாம் கண்டது இது: இறைச்சியின் சட்டம் நம் தட்டைக் காப்பது, இஹ்ஸான் அந்தப் பிராணியைக் காப்பது. இரண்டும் ஒன்றையொன்று ரத்துச் செய்வதில்லை. இரண்டையும் ஒருசேரப் பேண விரும்புபவர் பிராணிக்கு மிக அருகில் போயாக வேண்டும். எட்டாத தூரத்திலிருந்து சுடுபவரால் இரண்டையும் பேண முடியாது.

நம் நாட்டில் இன்று இந்தக் கேள்வி பெரும்பாலும் எழக் கூடாது. முயலும் கவுதாரியும்கூடச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அதை மீறுவது ஒரு முஸ்லிமுக்கு அழகன்று. தோட்டாவைப் பற்றி இவ்வளவு எழுதியதால் வேட்டைக்கு ஆசை மூட்டுகிறோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் மாவட்டத்து வேடந்தாங்கலில், ஏரிக்கு வந்த நாரைகளை வெள்ளைச் சிப்பாய்கள் விளையாட்டுக்குச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் பறவைகளைக் காக்க உத்தரவு பெற்றார்கள். உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்பதை அந்த ஊரார் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சரியாகவே நடந்து கொண்டார்கள்.

கொல்லத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் அதைத் தீர்மானிக்க 1972-ன் சட்டமே வழி வைத்திருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைச் சுட உத்தரவிடும் அதிகாரம் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. நீலகிரியில் மூன்று பேரைக் கொன்ற புலி 2014 ஜனவரி 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது. 2021-ல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட 'டி23' புலியை, உயிரோடு பிடிக்கவே முயல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பல நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றார்கள். அந்த ஊசியிலும் இதே நியாயம்தான். எடையைக் கணித்து மருந்தை அளக்க வேண்டும். கூடினால் சாவு, குறைந்தால் பாதி மயக்கத்தில் வெறி. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிப்பவற்றை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவு செய்தது. பயிற்சி பெற்ற கை சுட வேண்டும் என்பதில் சட்டமும் நாமும் ஒன்றுபடுகிறோம். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயைப் பற்றி நாம் விரித்துரைக்கவும் விரும்பவில்லை. தாடையைப் பிளந்துவிட்டு உயிரை விட்டுவைக்கும் அந்த ஆயுதத்தை எந்த விவசாயச் சகோதரரும் தம் வரப்பில் வைக்க வேண்டாம் என்று மட்டும் மன்றாடிக் கேட்டுக் கொள்கிறோம்.

அந்தக் கடலைக்காரச் சகோதரரை மறுபடி சந்தித்தோம். சட்டத்துக்குப் புறம்பாகச் சுடச் சொன்னது தவறு என்று அவரே உணர்ந்திருந்தார். அடுத்த பட்டத்தில் வனத்துறைக்கு மனுக் கொடுத்திருந்தார். இந்த முறை அவசரப்படாமல், மக்கள் கலையும் வரை காத்திருந்து, "அந்தம்மா காலுக்கு நான் நட்டஈடு குடுக்கணுமா ஹஜரத்?" என்று கேட்டார்.

கிதாபில் பதில் இருக்கிறது. எவருக்கும் சொந்தமில்லாத காட்டு மிருகம் ஏற்படுத்திய காயத்துக்கு எவர் மீதும் ஈடு கடமையாகாது. அதை அவரிடம் சொன்னோம். சொல்லிவிட்டு, வேட்டைப் பாடத்தில் படித்த பொடிக்கல்லையும் சொன்னோம். கோவளத்துப் பெரியவர் முந்தின இரவைப் பற்றிக் கூறியதையும் பெயர் குறிப்பிடாமல் சொன்னோம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக் கொண்டிருந்தார்.

"கடமையில்லதான். ஆனா அந்த வீட்டுக்கு நான் மாசாமாசம் ஒரு சிப்பம் அரிசி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன் ஹஜரத்" என்றார் கடைசியில்.

அதற்கடுத்த மாதத்திலிருந்து அந்தச் சிப்பத்தின் விலையில் பாதியை நாம் கொடுத்து வருகிறோம். அவர் முதலில் வாங்க மறுத்தார். அன்று ஜும்ஆவுக்குப் பின் பதில் சொன்னவர் யார் என்று கேட்டோம். வாங்கிக் கொண்டார்.